பிக்கப் வண்டிக்குப் பின் ஷாக் அப்சார்பர் வீட்டு வாசலிலேயே மாற்றலாமா?

காசிமேடு பிக்கப்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014 மாடல் பிக்கப், முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங், அதாவது அடுக்கி வைத்த இரும்புப் பட்டைகள். விடியற்காலையில் காசிமேட்டில் ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்கும் வானகரத்துக்கும் ஓட்டுகிறேன். இப்போது தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, எனக்கும் பாதி ஓட்டம்தான். வருஷா வருஷம் இந்த நேரத்தில்தான் வண்டியில் கை வைப்பேன், இந்த வருஷம் பின்பக்க ஷாக்கை நானே மாற்றலாமா என்று ஒரு யோசனை.

பிரச்சினை இதுதான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஓடி ஓடி ரோடு அலை அலையாகக் கிடக்கிற இடங்களில் பின்பக்கம் துள்ளுகிறது, வேகத்தடை ஏறி இறங்கினால் மூன்று நான்கு தடவை ஆடித்தான் அடங்குகிறது, பெட்டி மூடியெல்லாம் தடதடவென்று அடிக்கிறது. காலி வண்டியாக இருந்தால் இன்னும் மோசம். மேடு பள்ளத்தில் பிரேக் போட்டால் வால் ஒரு பக்கமாக நகருகிற மாதிரி இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். கீழே படுத்துப் பார்த்தேன். இடது பின் ஷாக் முழுக்க எண்ணெய் வழிந்து, அதில் தூசி ஒட்டி கறுப்புச் சேறு மாதிரி இருக்கிறது. வலது பக்கம் காய்ந்துதான் இருக்கிறது. இடது பின் டயரை உள்ளங்கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தட்டுப்படுகிறது. இன்னொன்று, வண்டி இடது பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்து நிற்கிறது.

ஒரு பட்டறையில் கேட்டதற்கு, குனிந்துகூடப் பார்க்காமல் நான்கு ஷாக்கும் மாற்ற வேண்டும், கூலி மட்டும் 2,000 ஆகும் என்றார்கள். கூலி கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, பார்க்காமலேயே சொன்னதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. என்னிடம் ரிங் ஸ்பேனர் செட், பாக்ஸ் செட், பாட்டில் ஜாக்கி எல்லாம் இருக்கிறது. ஆயில், பில்டர், பிரேக் ஷூ நானே மாற்றியிருக்கிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு சிமென்ட் ரோடுதான், ஆனால் ஓரத்தில் சரிவு. ஷாக்கைத் தொட்டதில்லை. இடது மட்டும் மாற்றினால் போதுமா? இந்தத் தாழ்வு ஷாக் மாற்றினால் சரியாகிவிடுமா? எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

மின்ட் பட்டறை:

தம்பி, மின்ட் பக்கம் முப்பது வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். உங்கள் வண்டியில் இரண்டு நோய் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். துள்ளுவது ஒன்று, தாழ்ந்து நிற்பது வேறு. ஷாக் எடை தாங்குவதில்லை. எடை முழுவதும் பட்டை மேல்தான் உட்காருகிறது. இரண்டு பின் ஷாக்கையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாலும் நிற்கிற வண்டியின் உயரம் மாறாது, உள்ளே கேஸ் அழுத்தி அடைத்த கேஸ் ஷாக் என்றால் மட்டும் ஏதோ கொஞ்சம் மாறும். பட்டை அமுங்கி எழும்பும்போது அது தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துளையும் வால்வும். அந்த வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டம் சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. எண்ணெய் வழிந்துவிட்டால் பிஸ்டனுக்குப் பிடிமானம் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே புது ஷாக் போட்டாலும் அந்த இரண்டு விரற்கடை அப்படியே இருக்கும். அதற்குப் பட்டையைப் பாருங்கள். சமமான தரையில் காலி வண்டியை நிறுத்தி, பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கம்பி பிரஷ் போட்டு இடது பட்டைகளைத் தேய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள், பட்டையை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கிற யூ போல்ட்டுக்குப் பக்கத்திலும் பட்டை நுனியில் உள்ள கண் வளையத்துக்குப் பக்கத்திலும்தான் பெரும்பாலும் விரிசல் விடும். மெயின் பட்டையோ இரண்டாம் பட்டையோ கட் ஆகியிருந்தால் வண்டி அந்தப் பக்கம்தான் சாயும். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் அறுந்திருந்தாலும் தெரியும், அந்தப் பக்கச் சக்கரம் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ நகர்ந்திருக்கும். பட்டை வேலையை மட்டும் வாசலில் வைத்துக்கொள்ள வேண்டாம், ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அதை முடித்த பிறகு ஷாக்குக்கு வாருங்கள், ஷாக்கை முதலில் மாற்றினால் ஒரே போல்ட்டை இரண்டு தடவை கழற்றுவீர்கள்.

ஷாக் செத்துவிட்டதா என்று பார்க்க, வண்டி ஓரத்தை அமுக்கிவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். காருக்கு அது சரி. பிக்கப்பில் காலி வண்டியின் மேல் ஆள் ஏறி நின்றாலும் பட்டை அசைவது கொஞ்சம்தான், பட்டையும் பட்டையும் உரசுகிற உரசலே பாதி ஆட்டத்தைத் தின்றுவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் செய்வது வேறு. மணலி வரை போய் வருகிற மாதிரி ஒரு பத்து கிலோமீட்டர் மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டு, நிறுத்தின உடனே குனிந்து ஷாக் உடம்பைத் தொட்டுப் பார்ப்பேன், சைலன்சர் பக்கம் கை போகாமல். வேலை செய்கிற ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். ஜோடியில் ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

மாற்றும்போது இடதும் வலதும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் நீங்கள் பயப்படுகிற அந்த வால் நகர்வு அப்படியே இருக்கும். முன் ஷாக்கில் கசிவு இல்லை, இரண்டு முனைக் கண்ணிலும் உள்ள ரப்பர் புஷ் நன்றாக இருக்கிறது, முன் டயரில் திட்டு இல்லை என்றால் அதை இப்போது தொட வேண்டாம்.

ஒரு கேள்வி. ஏன் இடது பக்கம் மட்டும்? வண்டியைத் தெருவில் எந்தப் பக்கம் சாய்வாக நிறுத்துகிறீர்கள்? ஐஸ் உருகுகிற தண்ணீர் எங்கே வடிகிறது? அதைச் சொல்லுங்கள், பிறகு மிச்சத்தை எழுதுகிறேன்.

காசிமேடு பிக்கப்:

அண்ணே, நீங்கள் கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன். இடது சக்கரம் தெரு ஓரம், வலது சக்கரம் நடு ரோடு, தினமும் அப்படித்தான் நிறுத்துகிறேன். பெட்டி ஏற்றுகிற தொட்டியின் தண்ணீர் முழுக்க இடது பின் மூலைக்கு வருகிறது. அந்த மூலையில் தகடு துரு பிடித்து ஒரு ஓட்டை, அதற்கு நேர் கீழேதான் இடது ஷாக். ஷாக்கின் கீழ் போல்ட் தலை ஆறு பட்டை போய் உருண்டையாகிவிட்டது. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது, அதனால் வந்த துரு என்றுதான் இதுநாள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மின்ட் பட்டறை:

மழை வெள்ளத்தில் நின்றிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி துரு பிடித்திருக்கும் தம்பி. இது மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர். மீன் வண்டியில் நான் பார்க்கிற ஷாக் எல்லாம் இப்படித்தான் சாகிறது. ஷாக்கின் கம்பி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும், அந்த வழவழப்பை நம்பித்தான் ரப்பர் சீல் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கிறது. உப்புத் தண்ணீர் உறைக்குள் இறங்கி அந்தக் கம்பியில் ஊசிக்குத்து மாதிரி துருப்புள்ளி வைத்துவிட்டால், கம்பி ஒவ்வொரு தடவை உள்ளே போய் வரும்போதும் அந்தப் புள்ளி அரம் மாதிரி சீலை அறுக்கும். அப்புறம் எண்ணெய் வெளியே. பட்டைக்கும் அதே கதை, துரு தின்ற இடத்தில்தான் விரிசல் முதலில் விடுகிறது. போல்ட் பிடித்துக்கொண்டதற்கும் அதுவே காரணம். முதலில் அந்த ஓட்டையை அடையுங்கள், இல்லாவிட்டால் புது ஷாக்கும் ரொம்ப நாள் தாங்காது.

இப்போது வேலை. உங்கள் வண்டியின் பின்பக்கம் கழற்ற ஜாக்கியே வேண்டாம். இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். பிக்கப்புக்குக் கீழே ஆள் நுழைய இடம் இருக்கிறது, நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும், சரிவு இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுங்கள். ஸ்டெப்னி இடைஞ்சலாக இருந்தால் இறக்கி வைத்துவிடுங்கள். இதனால் இரண்டு நன்மை. வண்டி உங்கள் மேல் விழ வழியே இல்லை. இன்னொன்று, ஷாக்கின் இரண்டு கண்ணிலும் உள்ள ரப்பர் புஷ், வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் இறுக்கப்பட வேண்டும். ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் வண்டியை இறக்கின உடனே ரப்பர் முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்கோடே ஓடி சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் இருக்கும்போதே வேலை பார்த்தால் அந்தக் கவலை இல்லை.

போல்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலமே கம்பி பிரஷ் போட்டு, டபிள்யூடி-40 மாதிரி துரு இளக்கி அடித்துவிட்டு விடுங்கள், காலையில் இன்னொரு தடவை. கழற்றும்போது எடுத்த எடுப்பில் லூஸ் பண்ணாமல், முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பிறகு லூஸ் பண்ணுங்கள், துரு அங்கேதான் உடையும். உருண்டுபோன தலையில் டபுள் எண்டு ஸ்பேனர் போட்டு மல்லுக்கட்டாதீர்கள், ஆறு பட்டை பாக்ஸ் ஒன்றைச் சுத்தியால் தட்டி ஏற்றுங்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் நட்டை கிரைண்டரில் அறுத்து எடுங்கள், நட்டை மட்டும். கேஸ் வெல்டிங் வைத்துச் சூடு காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் பிரேக் பைப் போகிறது, ஷாக்குக்குள் எண்ணெய் இருக்கிறது, சிலதில் நைட்ரஜன் கேஸும் அழுத்தத்தில் இருக்கிறது.

ஒரு பக்கம் முழுக்க முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். எது எப்படி மாட்டியிருந்தது என்று மறந்துவிட்டால், கழற்றாத பக்கத்தைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். பின் ஆக்சிலிலிருந்து சேசிஸுக்குப் போகிற ரப்பர் பிரேக் குழாய் மேல் கை ஊன்றாதீர்கள். சில வண்டிகளில் லோடுக்குத் தகுந்தபடி பின் பிரேக்கைக் குறைத்துக் கூட்டுகிற வால்வு ஒன்று இருக்கும், ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி அதற்குப் போகும், அதை வளைத்துவிட்டால் பிரேக் கணக்கே மாறிவிடும்.

நைலான் வளையம் உள்ள நட்டு என்றால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது. போல்ட்டும் புதுசாகவே வாங்குங்கள், பழைய போல்ட் தலையில் என்ன எண் போட்டிருக்கிறதோ, 8.8 அல்லது 10.9, அதே எண்ணில். கதவுக் கீலுக்குப் போடுகிற சாதா போல்ட் இங்கே வேலைக்கு ஆகாது. போல்ட் உடம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், அடுத்த தடவை கழற்றுகிறவன் உங்களை வாழ்த்துவான். எவ்வளவு இறுக்குவது என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள், வண்டிக்கு வண்டி அது மாறும்.

ஷாக்கை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பில் போட்டு வாங்குங்கள். வண்டி கம்பெனியின் அசலோ, கேப்ரியல் மாதிரி பேர் சொல்கிறதோ, உங்கள் மாடல் எண் பார்த்து. புதுப்பேட்டையில் எத்தனையோ நல்ல பழைய சாமான் கிடைக்கும், நானே வாங்குகிறேன். ஆனால் ஷாக் மட்டும் பழசு வாங்காதீர்கள், துடைத்து வைத்தால் செத்த ஷாக்கும் உயிரோடு இருக்கிற மாதிரிதான் தெரியும்.

குட்டி யானை 702:

ஜாக்கி வேண்டாம் என்று அண்ணன் சொன்னதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் குட்டி யானை ஓட்டுகிறேன், கொருக்குப்பேட்டை. போன வருஷம் பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூ பார்த்தேன். தெருவில் இடம் இல்லாமல் மழைநீர்க் கால்வாய் மூடி மேல் ஜாக்கியை வைத்துவிட்டேன். கான்கிரீட் மூடிதானே, தாங்கும் என்று நினைத்தேன். கழற்றின சக்கரத்தை எப்போதும் சேசிஸுக்குக் கீழே படுக்கப் போட்டுவிடுவது எங்கள் அப்பா சொல்லிக் கொடுத்த பழக்கம், அன்றைக்கும் போட்டேன். பத்து நிமிஷம் இருக்கும், டக் என்று ஒரு சத்தம், மூடி நடுவில் பிளந்து ஜாக்கி ஒரு பக்கம் சாய்ந்தது, வண்டி அப்படியே வந்து அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. சேசிஸுக்கும் தரைக்கும் நடுவே மிச்சமிருந்தது ஒரு டயர் அகலம்தான். என் கை அதற்கு வெளியே இருந்தது.

பாட்டில் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். உள்ளே சீல் வழிந்தால் அது மெதுவாகவும் இறங்கும், திடீரென்றும் இறங்கும். தூக்கின பிறகு இரும்பு ஸ்டாண்டு கொடுத்தால்தான் கீழே போக வேண்டும். தெருவில் பார்க்கிறேன், செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் அடுக்கி வைக்கிறார்கள். ஹாலோ பிளாக் பார்க்க உறுதியாக இருக்கும், ஒரு மூலையில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். தயவு செய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

மாதவரம் கேன் தண்ணி:

நானும் அப்பாவும் தண்ணீர் கேன் வண்டி வைத்திருக்கிறோம், பின் ஷாக் இரண்டு தடவை நாங்களே மாற்றிவிட்டோம். கடையில் யாரும் சொல்லாத ஒன்று சொல்கிறேன் அண்ணா. புது ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாதீர்கள். கடையில் படுக்க வைத்தே கிடப்பதால் உள்ளே காற்று எண்ணெய்க்குள் கலந்திருக்கும். வண்டியில் எப்படி நிற்குமோ அதே மாதிரி செங்குத்தாகப் பிடித்து, முழுக்க இழுத்து, முழுக்க அமுக்கி, ஐந்தாறு தடவை செய்யுங்கள். முதல் இரண்டு தடவை நடுவில் ஒரு இடத்தில் பொசுக்கென்று வழுக்கிக்கொண்டு போகும், கையில் நன்றாகத் தெரியும். காற்று போன பிறகு மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக, தேனில் கரண்டி விட்ட மாதிரி போகும். அதன் பிறகு படுக்க வைக்காமல் மாட்டிவிடுங்கள். முதல் தடவை நாங்கள் இதைச் செய்யாமல் மாட்டி, புது ஷாக்கிலேயே டக் டக் என்று சத்தம் வந்து, கடைக்காரரிடம் சண்டைக்குப் போனோம், தப்பு எங்கள் மேல்.

கேஸ் ஷாக் என்றால் சுருக்கி ஒரு பட்டி போட்டுக் கட்டியிருப்பார்கள். மேல் போல்ட்டை மாட்டி, கீழ்க் கண்ணை அதன் இடத்துக்கு நேராகக் கொண்டுவந்த பிறகே பட்டியை அறுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. அறுத்ததும் அது தானே நீளும், அந்த நேரம் ஒருத்தர் பிடித்தால் ஒருத்தர் போல்ட்டைச் சொருகலாம். தனியாகச் செய்தால் திணறல்தான்.

மேலே கண்ணுக்குப் பதிலாக மரை போட்ட தண்டு வந்து, இரண்டு ரப்பர் வாஷர் நடுவில் உட்காருகிற மாதிரி ஷாக் சில வண்டியில் இருக்கும். அதில் நட்டை முடிந்த மட்டும் இறுக்கக் கூடாது. ரப்பர் பிதுங்கி மேலே உள்ள இரும்புக் கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு வந்தால் போதும், அதைத் தாண்டினால் ரப்பர் கிழியும்.

கண்ணாடி போடுங்கள் அண்ணா. மூக்குக் கண்ணாடி இல்லை, பக்கமும் மூடுகிற வேலைக் கண்ணாடி. வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு துருப் போல்ட்டைத் தட்டினால் அது நேராகக் கண்ணில்தான் விழும். அப்பாவுக்கு விழுந்து, கண்ணைத் தேய்த்துவிட்டு, மறுநாள் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் துணுக்கை எடுத்தோம்.

மணலி டி-மேக்ஸ்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது இசுசு டி-மேக்ஸ். பின்னால் பட்டைதான், இதே முறையில் செய்துவிடலாம் என்று புரிகிறது. முன்னால் காயில் ஸ்பிரிங்குக்குள் ஷாக் இருக்கிறது. அதையும் வாசலில் செய்யலாமா?

மின்ட் பட்டறை:

வேண்டாம். அந்தக் காயிலைச் சுருக்கித்தான் அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். மொத்த அமைப்பையும் வண்டியிலிருந்து இறக்குவது வரை நீங்கள் செய்யலாம், ஆனால் மேல் நடு நட்டைக் கழற்ற ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற கருவி வேண்டும், அதைச் சரியாக மாட்டத் தெரிந்த கை வேண்டும். நழுவினால் ஆளை அடித்துப் போட்டுவிடும். இறக்கி எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் கொடுத்தால் பாதிக் கூலி மிச்சம், அப்படிச் செய்யுங்கள்.

காசிமேடு பிக்கப்:

வேலை முடிந்தது, எல்லோருக்கும் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். அளந்ததில் இடது பக்கம் 35 மி.மீ. குறைவு. தேய்த்துப் பார்த்தால் இரண்டாம் பட்டை யூ போல்ட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் முழுசாக இரண்டு துண்டு. துரு இரண்டு துண்டையும் சேர்த்து மூடியிருந்ததால் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே பட்டை மாதிரிதான் இருந்தது, கம்பி பிரஷ் பட்டதும் ஒரு கறுப்புக் கோடு வந்தது, ஸ்குரூ டிரைவர் நுனியை வைத்தால் உள்ளே போகிறது. ஸ்பிரிங் பட்டறையில் அந்தப் பட்டையையும் சென்டர் போல்ட்டையும் மாற்றி, பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் வைத்து, யூ போல்ட் புதுசு போட்டுக் கொடுத்தார்கள். வண்டி இப்போது நேராக நிற்கிறது. அந்த விரிசலோடு இத்தனை நாள் லோடு ஏற்றி பாலம் ஏறி இறங்கியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இரவு தூக்கம் வரவில்லை.

ஷாக்குக்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம், நானும் மச்சானும். வலது பக்கம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. இடது மேல் போல்ட்டும் வந்துவிட்டது. கீழ் போல்ட் இரண்டு நாள் எண்ணெய் குடித்தும் அசையவில்லை, பாக்ஸைத் தட்டி ஏற்றி நீட்டுக் குழாய் போட்டு இழுத்ததில் போல்ட் தலை சுற்றிக்கொண்டதுதான் மிச்சம். நட்டை கிரைண்டரில் இரண்டு பக்கமும் அறுத்து உளியால் பிளந்தோம், பிரேக் குழாய்க்கு முன்னால் தகடு ஒன்று மறைத்து வைத்துவிட்டு. நட்டு போன பிறகும் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழலோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. கடைசியில் புஷ் ரப்பரையே பிளேடால் சுற்றி அறுத்து ஷாக்கை இழுத்து எடுத்துவிட்டு, நின்ற குழலை நீளவாக்கில் கீறி, பிறகு போல்ட்டைத் தட்டி எடுத்தோம். அந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் மூன்று மணி நேரம்.

பழைய ஷாக்குகளை நிறுத்தி வைத்துக் கையால் அமுக்கிப் பார்த்தேன். இடது, சைக்கிள் பம்பில் ரப்பர் போன மாதிரி சர்ரென்று இறங்கியது. காய்ந்து நல்லபடியாக இருந்த வலது, பாதி வரை பிடிக்கிறது, அதற்கு மேல் காலி. ஜோடியாக மாற்றச் சொன்னது எவ்வளவு சரி என்று கையிலேயே தெரிந்தது. கம்பியை உறையிலிருந்து இழுத்துப் பார்த்தால் அண்ணன் சொன்ன ஊசிக்குத்துப் புள்ளி அப்படியே வரிசையாக இருக்கிறது.

புது ஷாக்கில் மாதவரம் தங்கச்சி சொன்ன மாதிரி காற்றை எடுத்தேன். அந்த வழுக்கல் மூன்றாவது தடவையில் போனது. ஓட்டிப் பார்த்தேன், வேகத்தடையில் ஒரே அமுங்கல், ஒரே எழும்பல், நின்றுவிடுகிறது. தண்ணீர் பெட்டி வைத்து லோடு ஏற்றி எண்ணூர் சாலையில் ஓட்டினால் வால் நகரவில்லை. இரண்டு சந்தேகம். பின் இடது சக்கரத்தில் ஒரு ஊம் சத்தம் வருகிறது, முன்னாலும் இருந்தது, இன்னும் போகவில்லை. அப்புறம் பழைய ஷாக்கை என்ன செய்வது, அறுத்து எண்ணெய் எடுக்கலாமா?

மின்ட் பட்டறை:

அறுக்காதீர்கள், அடுப்பில் போடாதீர்கள், அப்படியே பழைய இரும்புக்குப் போடும்போது உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். ஊம் சத்தம் அந்தத் திட்டு விழுந்த டயர். ஷாக் நல்லதானாலும் தேய்ந்த ரப்பர் திரும்ப வளராது. அதை ஸ்டெப்னிக்குத் தள்ளிவிட்டு நல்ல டயரை அங்கே போட்டு ஓட்டிப் பாருங்கள், சத்தம் போகவில்லை என்றால் பேரிங். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு ஷாக் போல்ட் நான்கும், யூ போல்ட் நட்டு எல்லாமும் ஒரு தடவை இறுக்கம் பாருங்கள். யூ போல்ட்டை மறக்கவே கூடாது, பட்டை புதுசாக அடுக்கினால் அமுங்கி உட்கார்ந்து யூ போல்ட் லூஸ் ஆகும். ஓட்டையை என்ன செய்தீர்கள்?

காசிமேடு பிக்கப்:

தகடு வைத்து வெல்டு அடித்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டேன் அண்ணே. தண்ணீர் வெளியேற வழி வேண்டுமே, அதனால் தொட்டியின் பின் மூலைகளில் ஆளுக்கொரு குழாய் வைத்து, ரப்பர் ஹோஸ் மாட்டி, ஆக்சில், பட்டை, ஷாக் எல்லாவற்றையும் தாண்டிப் பின் பம்பருக்குக் கீழே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டுகூட ஷாக் மேல் விழவில்லை. ஜூன் 15 காலையில் முதல் லோடு. அன்று முதல் சந்தையிலிருந்து திரும்பினதும் கீழ்ப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு நிறுத்துவேன், வலது இடது மாற்றி மாற்றி.